கிணத்தடிக்காரி

வீடு பாக்க வந்தீங்களா? வாங்கம்மா, உள்ள வாங்க. செருப்போடவே வாங்க, நான் இன்னும் கூட்டல. கீழ வீட்டுக்காரம்மா மேல போய்ப் பாக்கச் சொன்னாங்களா? சரி சரி. நான் இன்னும் காலி பண்ணல, அதான் சாமான் கிடக்கு. பாதி போயிடுச்சு. ஆள் வந்ததும் மீதியைத் தூக்கிக்கிட்டு நானும் போயிடுவேன்.

இது ஹால். அது சமையக்கட்டு. ஜன்னல் ஒண்ணுதான், ஆனா காத்து வரும். தண்ணிக்குக் கஷ்டமில்ல, காலைல ஆறு மணிக்கு அம்மாவே மோட்டார் போட்டுடுவாங்க. செவுத்துல ஆணி அடிக்கக் கூடாது. அது ஒண்ணுதான் கண்டிஷன்.

என்ன அப்படிப் பாக்குறீங்க? எங்கயோ பாத்த மூஞ்சியா இருக்கா? இருக்காதும்மா. என் மூஞ்சியை யாரும் பாத்ததில்ல. இருங்க, கொண்டையை அவுத்துட்டு இப்படித் திரும்பி நிக்கிறேன். இப்பச் சொல்லுங்க.

ம்ம். அவளேதான். 'பாசிக்கிணறு' சீரியல்.

உங்க மாமியார் பாத்தாங்களா? எல்லா மாமியாரும் பாத்தாங்க. நீங்க பாத்ததில்லன்னா கதையைச் சொல்றேன், பெரிசா ஒண்ணுமில்ல. ஒரு பெரிய வீடு. அதுக்கு வாழ்க்கைப்பட்டு ஒரு பொண்ணு வருது. வீட்டுக்குப் பின்னாடி பாசி பிடிச்ச கிணறு. பொழுது சாய்ஞ்சா அந்தக் கிணத்தடியில ஒருத்தி நிப்பா. ஈரப் புடவை, முழங்கால் வரைக்கும் முடி, முதுகு மட்டும்தான் தெரியும். இந்தப் பொண்ணு பாத்துட்டு 'யாரது?'ன்னு கத்தும். உடனே தொடரும் போட்டுடுவாங்க. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை இதேதான். யாரு அவ? பேயா, மனுஷியா, மூத்தாளா, புருஷனைப் பெத்தவளா? நாலு வருஷம். ஆயிரத்து இருநூத்துச் சொச்சம் எபிசோடு. அந்த முதுகு என்னோடது.

நான் நடிக்கணும்னெல்லாம் வரல. எங்களுக்குக் கோவில்பட்டி. எங்க வீட்டுக்காரர் வேலாயுதம் செட்டுல தச்சு வேலை பாக்குறாரு. சீரியல்ல வர்ற கதவு, தூணு, ஊஞ்சல் எல்லாம் செய்வாரு. அந்தக் கிணத்தைச் செஞ்சதும் அவர்தான். பிளைவுட் அடிச்சு, மேல பிளாஸ்டர் பூசி, பச்சை பெயிண்டுல பாசி. உள்ள எட்டிப் பாத்தா தரைதான். அன்னைக்கு அவருக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். டைரக்டர் என் முடியைப் பாத்துட்டாரு. "அம்மா, அந்தக் கிணத்துக்கிட்டப் போயி அந்தப் பக்கமாப் பாத்து நில்லுங்க"ன்னாரு. நின்னேன். தலையில ஒரு குடம் தண்ணியை ஊத்துனாங்க. "திரும்பாதீங்க"ன்னாரு. அதுக்கப்புறம் நாலு வருஷமும் எங்கிட்ட அவர் பேசினது அந்த ஒரு வார்த்தைதான்.

அடுத்த வாரம் ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்கினாங்க. முடியை வெட்டக் கூடாது. வேற சீரியல்ல தலை காட்டக் கூடாது. கதையை வெளிய சொல்லக் கூடாது. எந்தக் கதையைச் சொல்றது? எனக்கு யாரும் ஒண்ணும் சொல்லல. நானும் கேக்கல. தச்சர் பொண்டாட்டி போயி டைரக்டர்கிட்ட 'சார், நான் யாரு?'ன்னு கேக்க முடியுமா?

ஈர முடியோட ரெண்டு மணி நேரம், மூணு மணி நேரம் நிக்கணும். கழுத்து கழண்டு போற மாதிரி வலிக்கும். எக்ஸ்ரே எடுத்துப் பாத்த டாக்டரம்மா, "பாதி முடியை எடுத்துடுங்க, கழுத்து தாங்காது"ன்னாங்க. எப்படி எடுக்குறது? கையெழுத்துப் போட்டாச்சே. எம் பொண்ணு வயசுக்கு வந்த அன்னைக்குக்கூட நான் கிணத்தடியிலதான் நின்னேன். போன் வந்துச்சாம். எனக்குப் பின்னாடி யாரோ பேசிக்கிறாங்க. திரும்பக் கூடாதே. லைட்டு அணைஞ்சப்புறம்தான் சொன்னாங்க.

அது போகட்டும். இந்தத் தெருவுக்கு வருவோம்.

முதல் மூணு மாசம் யாருக்கும் தெரியாது. அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை எதுத்த வீட்டு ஜெரினா அக்கா, மொட்டை மாடியில முடி காயவெச்சுக்கிட்டு இருந்த என்னைப் பின்னாடியிருந்து பாத்துட்டா. "ஏ செண்பகம், அது நீயா!"ன்னு ஒரு கத்து. அவ்வளவுதான். அன்னையிலிருந்து நான் தெருவுல நடக்க முடியல. "யாரு செண்பகம் அவ? எங்களுக்கு மட்டும் சொல்லு." நான் சிரிச்சுக்கிட்டே, "சொல்லக் கூடாதுக்கா, கையெழுத்து வாங்கியிருக்காங்க"ன்னேன்.

கவனிச்சீங்களா? சொல்லக் கூடாதுன்னுதான் சொன்னேன். தெரியும்னு சொன்னேனா?

ஆனா அதுக்கப்புறம் பாருங்க, மரியாதையே வேறயாப் போச்சு. குழாயடியில என் குடம் முதல்ல போகும். காய்க்காரர் ஒரு பிடி கறிவேப்பிலை கூடப் போடுவாரு. விசேஷ வீட்டுல எனக்கு நாற்காலி. பதினோரு வருஷமா இந்தத் தெருவுல இருக்கேன், அதுக்கு முன்னாடி நாற்காலி போட்டதில்ல. கல்யாணப் பந்தியில பக்கத்து எலைக்காரி கேப்பா, "ஒரு குறிப்பாவது குடுங்க." நான் அப்பளத்தை ஒடிச்சுக்கிட்டே, "பொறுத்திருந்து பாருங்க"ம்பேன். அவங்களா ஒண்ணை நினைச்சுக்குவாங்க. அதுக்கு நான் என்ன பண்றது?

இப்ப கீழ இருக்காங்களே தையல்நாயகி அம்மா, வீட்டுக்காரம்மா, அவங்க மத்தவங்க மாதிரி இல்ல. மாயவரம் பக்கம். யார்கிட்டயும் அநாவசியமா ஒரு வார்த்தை பேச மாட்டாங்க. அப்ப நான் குடிவந்து ஏழு வருஷம், 'தண்ணி வந்துச்சா', 'கேட்டைச் சாத்து', இதுக்கு மேல பேசினதில்ல. அந்த அம்மா ஒருநாள் தோசை மாவை ஒரு தூக்குல எடுத்துக்கிட்டு இந்தப் படி ஏறி வந்தாங்க. மூட்டு வலியோட. இங்கதான் உக்காந்தாங்க, நீங்க இப்ப நிக்கிற எடத்துல.

"நீதானாம்மா அது?"

"ஆமாம்மா."

"யாருன்னு எனக்கு வேண்டாம். ஏன் அங்க வந்து நிக்கிறா, அதுவும் வேண்டாம். உயிரோட இருக்காளா? அது ஒண்ணு மட்டும் சொல்லு."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? வழக்கம்போலச் சிரிச்சேன். "பொறுத்திருந்து பாருங்கம்மா"ன்னேன். அவங்க என் மூஞ்சியையே கொஞ்ச நேரம் பாத்தாங்க. "அப்ப இருக்கா"ன்னு அவங்களே சொல்லிக்கிட்டு, தூக்கை எடுத்துக்கிட்டு எறங்கிப் போயிட்டாங்க.

அதுக்கப்புறம் தினம் ஏழரைக்கு, சீரியல் போடுற நேரத்துக்கு, என்னைக் கூப்பிட்டு விடுவாங்க. ஷூட்டிங் இல்லாத நாள்ல நான் கீழதான் இருப்பேன், அவங்க பக்கத்துல. என் முதுகு வர்றப்ப அவங்க மூச்சு விடுற சத்தம்கூடக் கேக்காது. எனக்குப் பெருமையா இருக்கும்மா. பொய் சொல்வானேன். எம் புருஷன்கூட என்னை அப்படிப் பாத்ததில்ல.

அந்த ஹால்ல ஒரு போட்டோ மாட்டியிருக்கும், வர்றப்பப் பாத்தீங்களா? தலை நிறையப் பூத் தெச்சு, நிலைக்கண்ணாடி முன்னாடி நிக்கவெச்சு எடுத்திருப்பாங்களே, ஜடை முழுசும் தெரியற மாதிரி, அந்தப் போட்டோ. அது அவங்க பொண்ணு பொற்கொடி. ஒரே பொண்ணு. நான் இங்க குடிவர்றதுக்குக் கொஞ்ச நாள் முந்தி, டைப்ரைட்டிங் கிளாசுக்குப் போயிட்டு வரேன்னு போன பொண்ணு. வரல. யாரோடயும் போகலன்னு கூடப் படிச்ச பிள்ளைங்க சொல்லுதுங்க. ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்தாங்க, பேப்பர்ல போட்டாங்க. அந்தக் கவலையிலயே அவங்க வீட்டு ஐயா போய்ச் சேந்துட்டாரு. இதெல்லாம் எனக்கும் தெரியும், தெருவுக்கே தெரியும். அந்தப் போட்டோவை நானும் நாலு வருஷம் தினமும் பாத்தேன். என்ன நினைச்சேன் சொல்லுங்க. இந்தப் பொண்ணுக்கு முடி நீளம்தான், ஆனா என்னைவிட ஒரு ஜாண் கம்மின்னு நினைச்சேன். அவ்வளவுதான் நினைச்சேன்.

மணி என்னம்மா? ஏழு பத்தா? சரி, நேரம் இருக்கு.

சீரியல் எப்படி முடிஞ்சதுன்னு சொல்லணுமே. முடியப் போகுதுன்னு எங்களுக்கே தெரியாது. ஒரு புதன்கிழமை எங்க வீட்டுக்காரர் வந்து, "கிணத்தைப் பிரிக்கச் சொல்லிட்டாங்க"ன்னாரு. "ஏன்?" "அந்த நேரத்துக்கு வேற சீரியல் வருதாம்." "அப்ப நான் திரும்ப வேண்டாமா?" அவர் சாப்பிட உக்காந்துட்டாரு. இந்த அலமாரிப் பலகை இருக்கே, பச்சை பெயிண்டு ஒட்டியிருக்கு பாருங்க, அந்தக் கிணத்துப் பலகைதான். நல்ல பலகைன்னு தூக்கிட்டு வந்துட்டாரு.

எனக்கு ஒரு நம்பிக்கை. எப்பவோ என்னை எடுத்த துண்டு ஏதாவது இருக்கும், அதை வெச்சு முடிச்சுடுவாங்கன்னு. சனிக்கிழமை கடைசி எபிசோடு. தெருப் பொம்பளைங்க பூராவும் தையல்நாயகி அம்மா ஹால்ல. எனக்கு முன்வரிசையில நாற்காலி. ஜெரினா அக்கா பஜ்ஜி போட்டுக் கொண்டாந்திருந்தா. என்ன காட்டுனாங்க? குழந்தைக்குப் பேர் வெச்சாங்க. எல்லாரும் வரிசையா நின்னு சிரிச்சாங்க. வில்லிகூடச் சிரிச்சா. 'நன்றி'ன்னு எழுத்து வந்துச்சு. கிணத்தைக் காட்டவே இல்ல. கிணறுன்னு ஒண்ணு இருந்ததா யாரும் வாயைத் திறக்கல.

சோப்பு விளம்பரம் ஓடுது. ஒருத்தரும் டிவியைப் பாக்கல. எல்லாரும் என்னைப் பாக்குறாங்க.

"இப்பத்தான் முடிஞ்சுபோச்சே, சொல்லேன்"னா ஜெரினா அக்கா.

"எனக்குத் தெரியாதுக்கா."

"இன்னும் என்ன ரகசியம்?"

"சத்தியமாத் தெரியாது. எங்கிட்ட அவங்க சொல்லவே இல்ல."

"நாலு வருஷமா எங்களை மண்டையைப் பிச்சுக்க விட்டியே!"

"நான் தெரியும்னு எப்பக்கா சொன்னேன்?"

பேச்சு ஏறிப்போச்சு. ஒருத்தி ஏமாத்துக்காரிங்கிறா, ஒருத்தி மண்டைக்கனம் பிடிச்சவங்கிறா. அதெல்லாம்கூட எனக்கு வலிக்கலம்மா. தையல்நாயகி அம்மா எழுந்திரிச்சு டிவியை நிறுத்தினாங்க. எல்லாரும் போகட்டும்னு நின்னாங்க. கடைசியா நான் மட்டும் இருக்கேன்.

"உயிரோட இருக்கான்னு நீ சொன்னியேம்மா."

"நான் அப்படிச் சொல்லலையேம்மா. பொறுத்திருந்து பாருங்கன்னுதான்..."

"நான் பொறுத்திருந்தேனே"ன்னாங்க.

அவ்வளவுதான். உள்ள போயிக் கதவைச் சாத்திக்கிட்டாங்க. நான் ஆளில்லாத நாற்காலிக்கு நடுவுல நிக்கிறேன். எதுக்க அந்தப் போட்டோ. அப்பத்தாம்மா எனக்கு ஒறைச்சுது. நாலு வருஷம் கழிச்சு.

மறுநாள்ல இருந்து குழாயடியில என் குடம் கடைசியா நிக்குது. அது பரவால்ல. கீழ டிவிச் சத்தமே இல்ல. ஏழரை ஆகும், ஒரு சத்தமும் இருக்காது. எனக்கு இங்க இருப்புக் கொள்ளல. சரி, கதை எழுதுறவரையே கேட்டுடுவோம், அவ உயிரோட இருக்காளான்னு கேட்டு வந்து இந்த அம்மாகிட்டச் சொல்லிடுவோம்னு கிளம்பினேன். இளம்பரிதின்னு பேரு. சாலிகிராமத்துல டப்பிங் தியேட்டர் வாசல்ல ஒரு டீக்கடை, அங்க வருவாருன்னாங்க. ரெண்டு நாள் நின்னேன். மூணாம் நாள் வந்தாரு. சின்ன வயசுதான், கண்ணுக்குக் கீழ கருப்பு. வடையைப் பேப்பர்ல அமுக்கிக்கிட்டு நிக்கிறாரு.

"சார், ஒரு விஷயம் கேக்கணும்."

"நீங்க யாரும்மா?"

"அதைத்தான் கேக்க வந்தேன் சார்."

அவருக்குப் புரியல. நான் அங்கயே, டீக்கடை முன்னாடியே, கொண்டையை அவுத்துட்டுத் திரும்பி நின்னேன். டீ ஆத்துறவரு கையே நின்னுபோச்சு. "அட, கிணத்தடி!"ன்னாரு இவரு. உக்காரச் சொன்னாரு. டீ வாங்கிக் குடுத்தாரு. நல்ல மனுஷன்தான்.

"நான் யாரு சார்?"

"எனக்குத் தெரியாதும்மா. நான் எழுநூத்துச் சொச்சத்துலதான் வந்தேன். எனக்கு முன்னாடி ரெண்டு பேர் எழுதினாங்க. அவங்களைக் கேட்டேன். முதல் வாரம் ஹீரோயின் வரல, ஒரு நிமிஷம் குறைஞ்சுது, யாரையாவது நிக்க வைங்கன்னு வெச்சாங்களாம். அந்த வாரம் ரேட்டிங் ஏறிடுச்சு. அதனால அப்படியே நிக்க வெச்சுட்டாங்க."

"அப்புறமாவது யோசிச்சிருப்பீங்களே?"

"ஆறு மாசத்துக்கு ஒரு தடவை மீட்டிங் போடுவோம். நான் மூணு முடிவு எழுதிக் குடுத்தேன். 'இப்பச் சொல்லிட்டா அப்புறம் யாரு பாப்பா, இருக்கட்டும்'னாங்க. இருக்கட்டும் இருக்கட்டும்னு இருந்துட்டு, ஒருநாள் இழுத்து மூடிட்டாங்க."

"அந்த மூணுல எதுலயாவது அவ உயிரோட இருக்காளா?"

"ஞாபகம் இல்லம்மா. இப்ப வேற சீரியல் எழுதுறேன். அதுல ஒரு பூட்டுன ரூம் இருக்கு"ன்னாரு.

"அதுக்குள்ள என்ன சார் இருக்கு?"

டீக் கிளாசை வெச்சுட்டு எழுந்துட்டாரு.

பஸ்ல வர்றப்ப முடிவு பண்ணிட்டேன். உயிரோட இருக்கான்னே சொல்லிடுவோம். கதை எழுதுறவரே சொன்னாருன்னு சொல்லிடுவோம். யாருக்கு என்ன நஷ்டம்? வந்து கீழ கதவைத் தட்டினேன். திறந்தாங்க. அந்த மூஞ்சியைப் பாத்ததும் எனக்குப் பொய் வரல. நடந்ததை அப்படியே சொன்னேன். ஒரு நிமிஷம் குறைஞ்சுது, நிக்க வெச்சாங்க, அவ யாருமே இல்லம்மான்னு. கேட்டுக்கிட்டே இருந்தாங்க. "சரி, போய்ச் சாப்பிடு"ன்னாங்க.

மறுநாள் சாயங்காலம் ஏழரைக்குக் கீழ இருந்து கூப்பிடுறாங்க. "செண்பகம், கொஞ்சம் வா." ஓடினேன். பின்கட்டுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. துவைக்கிற கல்லு, ஒரு நெல்லி மரம், நாப்பது வாட் பல்பு. "அந்த மரத்துக்கிட்ட, செவுத்தைப் பாத்து நிக்கிறியா? முடியை அவுத்து விட்டுட்டு. அஞ்சு நிமிஷம்"ன்னாங்க.

நின்னேன். எனக்கு நிக்கிறது புதுசா?

அவங்க பின்வாசப்படியில உக்காந்துக்கிட்டாங்க. அஞ்சு நிமிஷம் ஆச்சு, "போதும்மா"ன்னாங்க. அடுத்த நாளும் கூப்பிட்டாங்க. அதுக்கடுத்த நாளும். எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. நாலு வருஷமா அவ எப்பத் திரும்புவான்னுதானே எல்லாரும் காத்திருந்தாங்க? சீரியல்காரங்க காட்டல. நானாவது காட்டிடுறேன். முடிஞ்சுடும். அவங்களுக்கும் முடிஞ்சுடும், எனக்கும் முடிஞ்சுடும். நாலாம் நாள், நின்ன எடத்துலயே, "அம்மா, திரும்பட்டுமா?"ன்னு கேட்டேன்.

"வேண்டாம்மா"ன்னு பதறிட்டாங்க. "திரும்பாத. திரும்பினா நீ செண்பகம் ஆயிடுவ."

நான் என்னம்மா பண்ணுவேன்? செவுத்தைப் பாத்துக்கிட்டே நின்னேன். கண்ணுல தண்ணி வருது, தொடைக்கக் கையைத் தூக்கல. தூக்கினா முடி அசையும்.

அதுக்கப்புறம் எட்டு மாசம் ஆச்சு. எங்க வீட்டுக்காரருக்குப் பூந்தமல்லித் தாண்டிப் புது ஸ்டுடியோவுல வேலை. அங்கயே வீடு பாத்துட்டாரு. பொண்ணுக்குப் பள்ளிக்கூடமும் பக்கம். சாமானைப் பாதி ஏத்திக்கிட்டு ரெண்டு பேரும் போயி மூணு மாசமாகுது. ஞாயித்துக்கிழமை நான் போயி வாரத்துக்குக் குழம்பு வெச்சுக் குடுத்துட்டு, ஏழு மணிக்குள்ள திரும்பிடுவேன். போன வாரம் பொண்ணு கேக்குது, "நீ எங்ககூட இருக்கவே மாட்டியாம்மா?" இந்தா வந்துடுறேன்டி, வீட்டுக்கு ஆள் வரட்டும்னு சொன்னேன். முடியை வெட்டிடலாம்னு பியூட்டி பார்லர் வரைக்கும் ரெண்டு தடவை போனேன். துணியெல்லாம் போத்தி உக்கார வெச்சுட்டாங்க. எழுந்து வந்துட்டேன்.

அந்த அம்மா என்னைப் பிடிச்சு வெக்கலம்மா, தப்பா நினைச்சுடாதீங்க. "போம்மா, புருஷன் பிள்ளையோட இரு"ன்னுதான் சொல்றாங்க. வாடகைக்குன்னு போர்டு எழுதி மாட்டினதும் அவங்கதான். உங்களோட சேத்து எட்டுப் பேர் பாத்துட்டுப் போயிட்டாங்க. ஏனோ யாரும் மறுபடி வரல. நல்ல வீடு. நான் எல்லாருக்கும் பொறுமையா எல்லாம் எடுத்துச் சொல்லித்தான் அனுப்பறேன்.

உங்களுக்கு முடி தோள் வரைக்கும்தானே? அப்பப் பயமில்ல. உங்களை ஒண்ணும் கேக்க மாட்டாங்க. நீங்க தாராளமா வரலாம். எனக்கு என்னன்னா, நான் போயிட்டா ஏழரைக்கு அந்த அம்மா அந்தப் படியில உக்காந்து எதைப் பாப்பாங்க? வெறும் செவுத்தையா?

இந்தா, கூப்பிட்டுட்டாங்க. கேட்டுச்சா? இருங்க, அஞ்சே நிமிஷம், வந்துடுறேன். நீங்க அதுக்குள்ள பாத்ரூமைப் பாருங்க, குழாயைத் திறந்து பாருங்க. சமையக்கட்டு ஜன்னல் வழியாப் பாத்தா பின்கட்டு தெரியும். பாக்கறதுன்னா பாருங்க, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன். ஆனா தயவு பண்ணி எம் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுடாதீங்கம்மா. யாராவது கூப்பிட்டா நான் திரும்பிடுவேன்.